பானையின் பூர்வகுடி

ஓர் அருங்காட்சியகத்தின் பின்னறை மேசையில் இரண்டு ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. ஒன்று பானையின் வாய், மற்றொன்று அடி. இரண்டும் ஒரே பழைய நகரத்தின் அகழாய்வுக் குழியில் கிடைத்தவை.

எதிரே ஒரு டிவி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நகரத்து மக்கள் கடல் தாண்டி வந்தவர்கள் என்றது ஒரு சேனல். இல்லவே இல்லை, அந்த மண்ணிலேயே தோன்றியவர்கள் என்றது இன்னொன்று.

"கேட்டியா? நாங்க கப்பல்ல வந்தவங்க," என்றது வாய்.

"அப்போ வந்தேறின்னு நீயே ஒத்துக்கிறே. நாங்க இந்த மண்ணு," என்றது அடி.

டிவிக்காரர்கள் கேமராவோடு வந்தால் யார் முன்னால் நிற்பது என்பதில் இரண்டுக்கும் பேச்சே நின்றுபோனது.

ஒருநாள், உடைந்ததை ஒட்டவைக்கும் பெண் வந்தாள். துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தின. ஒரே பானை! பசை தடவி ஒட்டினாள். நடுவில் இருந்த ஓட்டையை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து அடைத்தாள். அதன்மேல் செம்மண் நிறத்தில் பெயின்ட் பூசினாள்.

மறுநாளே ஆவணப்படக்காரர்கள் வந்துவிட்டார்கள். மைக் பானையின் அருகே நீண்டு, "உங்கள்ல யாருங்க பூர்வகுடி?" என்று கேட்டது.

வாய்க்கும் அடிக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

பெயின்ட் இன்னும் சரியாகக் காயாத பிளாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பதிவு பண்ணிக்கோங்க, நாங்கதான்," என்றது. "இவங்க ரெண்டு பேரும் அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டவங்க."