வலிச்சா கையைத் தூக்குங்க

வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடக்கிறவளால் என்ன செய்ய முடியும்? கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்ட இடது கன்னம் அவளுடையதாகவே இல்லை. ஈறோரம் பஞ்சு. நாக்கடியில் ஒரு குழாய் களகளவென்று எச்சிலை இழுத்துக்கொண்டிருந்தது.

"வலிச்சா கையைத் தூக்குங்க" என்று டாக்டரம்மா தொடங்கும்போதே சொல்லியிருந்தார். வலிக்கவில்லை.

பல்லைக் குடைந்த கருவி நின்றது.

"சொத்தை நான் நினைச்சதைவிட முன்னால வந்திருக்கு. சிரிச்சாத் தெரியுற இடம். சில்வர் வைக்கட்டுமா, இல்ல பல் கலர்லயே வச்சிரலாமா?"

கேள்வி அவளைத் தாண்டிப் போய், சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நின்றது.

"எது டாக்டர் கெட்டி?"

"ரெண்டுமே நல்லா இருக்கும். சில்வர் கொஞ்சம் கூட உழைக்கும். ஆனா போகப்போக கறுத்துத் தெரியும். கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, அதான் கேக்குறேன்."

"அட, சில்வரே வைங்க. இவதான் கல்யாணமே வேண்டாம்னுட்டாளே. எனக்குத் துணையா இருந்துடறேன்னுட்டா."

அம்மா தடுமாறவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. பலரிடம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப் போன பேச்சு அது.

அவள் எப்போது சொன்னாள்?

தலைக்குமேல் எரிந்த விளக்கைப் பார்த்தபடி யோசித்தாள். கோபத்தில் சொல்லியிருப்பாளோ? விளையாட்டாக? அப்பா இறந்து வீட்டில் இரண்டே பேராக ஆனபோது, அழுகையோடு அழுகையாக?

இல்லை. ஒருநாளும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி ஆனால் அலுவலகத்தில் பெர்மிஷன் போட்டுவிட்டு ஓடுகிறவள் அவள். "துர்க்கை கூப்பிட்டாச்சு" என்று பக்கத்து மேஜை வசந்தகுமாரி கேலி செய்வாள். செய்யட்டுமே. ராகுகாலம் முடிவதற்குள் விளக்கு ஏற்றியாக வேண்டும். கோயில் வாசலில் அம்மா காத்திருப்பாள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். நறுக்கிப் பிழிந்து, மூடியை வெளிப்புறமாகத் திருப்பி, நெய் ஊற்றி, திரி போட்டுத் தயாராக வைத்திருப்பாள்.

இருவரும் ஏற்றுவார்கள். இருவரும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

அவள் கண்ணைத் திறந்த பிறகும் அம்மாவின் கண்கள் மூடியே இருக்கும். உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு உருகிவிடும். பாவம், என் கல்யாணத்துக்காக எவ்வளவு வேண்டிக்கொள்கிறாள் என்று நினைப்பாள்.

போன ஐப்பசியில் கரூரிலிருந்து ஒருவன் பெண் பார்க்க வந்தான். ஏதோ சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வழக்கம்போல் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"கையை எடுங்க. நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அவர்கள் போன பிறகு கண்ணாடி முன் நின்று, கையை எடுத்துவிட்டுச் சிரித்துப் பார்த்தாள். இந்தப் பல்லை அடைத்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தாள்.

"அவங்ககிட்டேருந்து பதிலே வரலைடி" என்று அம்மா வருத்தப்பட்டாள். "யாருக்கோ இஷ்டமில்லை போல."

பதில் வந்திருக்கும். அம்மாவும் பதில் சொல்லியிருப்பாள். இதையேதான் சொல்லியிருப்பாள், இதே குரலில்.

வேறு யாராவது செய்திருந்தால் சண்டை போடலாம், அம்மாவிடம் ஓடி வந்து அழலாம். அம்மாவே கழுத்தறுத்தால் யாரிடம் போய் அழுவது?

டாக்டரம்மா சில்வர் டப்பியை எடுத்தார்.

அவள் கையைத் தூக்கினாள்.

"வலிக்குதா?"

"சின்ன வயசுலேருந்தே வலி தாங்கமாட்டா டாக்டர். நீங்க பாருங்க" என்றாள் அம்மா. இதற்கும் அம்மாவேதான் பதில் சொன்னாள்.

தூக்கிய கை இறங்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு விரலை நீட்டித் தட்டில் இருந்த பட்டையைக் காட்டினாள். வெளுப்பிலிருந்து பழுப்புவரை வரிசையாகப் பொருத்திய மாதிரிப் பற்கள்.

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

"உங்களைத்தான் கேட்டிருக்கணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சில்வர் டப்பியை உள்ளே வைத்தார்.

"அது ரொம்ப நாள் வராதாம்டி" என்றாள் அம்மா.

மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பல்லோரம் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது சரியாக இருந்தது. நீல வெளிச்சம் அடித்தார்கள். தேய்த்தார்கள். கடைசியில் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்கள். பழுது எங்கே இருந்தது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைத்தெருவில் அம்மா எலுமிச்சம்பழக் கூடை முன் நின்றாள்.

"நாளைக்குச் செவ்வாய். இப்பவே வாங்கிட்டுப் போயிடலாம்."

மஞ்சளாக, மறு இல்லாததாக ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தாள்.

"அம்மா."

பாதி வாய் மரத்திருந்ததால் குரல் குழறியது. அவளே நிதானித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"இத்தனை செவ்வாய்க்கிழமையும் கண்ணை மூடிக்கிட்டு நீ என்னம்மா வேண்டிக்கிட்டே?"

அம்மா பழத்தைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். "மரப்பு இன்னும் போகலை. பேசாதே, உதட்டைக் கடிச்சுக்கப்போறே" என்றாள்.

அப்புறம் பழத்தைக் கூடையிலேயே வைத்துவிட்டாள்.

அவள் குனிந்து அதையே எடுத்தாள்.

"எத்தனைம்மா போடட்டும்?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணு போதும்."