நான்கு நிமிடம்

திரையில் அவள் விழுந்தாள்.

இருட்டில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவளே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா. இரண்டு வருடத்துக்கு முன் சர்க்கரை நோய்க்கு வலது காலைக் கொடுத்தவள்.

படத்தில் அவள் ஏற்றிருந்ததும் ஒற்றைக் கால் தாய் வேடம்தான். குளியலறைத் தரை. வாளி உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது.

அதுவரை ஓயாமல் அழுத வயலின் இந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டது.

திரையில் இருந்தவள் கத்தவில்லை. வெளியே மகனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று தோளில் கிடந்த துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். இடது முழங்கையை ஊன்றினாள். வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். வாளியை இழுத்துக் கவிழ்த்து, அதன்மேல் மார்பைச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். எழுந்ததும் முதல் வேலையாகக் கலைந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

நான்கு நிமிடம். அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை.

மிச்சப் படம் மழையிலும் வசனத்திலும் ஊறிப்போனது. மகன் சேற்றில் விழுந்து கதறினான். தாய் மலைக்கோயில் படிகளைத் தனியாகவே ஏறி முடித்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

விளக்கு எரிந்ததும் இயக்குநர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஒரு சீன்தாம்மா படத்தையே காப்பாத்துது. எங்க கத்துக்கிட்ட இதை?”

அவள் சிரித்து வைத்தாள்.

அம்மா செயற்கைக் காலின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கார் கிண்டியைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே அம்மா கேட்டாள்.

“அன்னிக்கு நீ வீட்லதான் இருந்தியா?”

இருந்தாள்.

படத்துக்கு ஒப்பந்தமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. சத்தம் கேட்டு ஓடினாள். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளக் கை நீட்டினாள்.

உள்ளே அம்மா துண்டைக் கடித்துக்கொண்டு இடது முழங்கையை ஊன்றினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. கண் மட்டும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

“இல்லம்மா. வெளிய போயிருந்தேன்.”

இவ்வளவு சின்ன வசனத்தை அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மா தலையாட்டினாள்.

மறுபடி விழுந்தால் யாரும் உள்ளே வர முடியாது, தாழ்ப்பாள் போடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அம்மாவும் இத்தனை நாள் போட்டதில்லை.

மறுநாள் காலை, குளியலறைக்குள் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.