மிதித்தால் திணறும்

"மிதிச்சா திணறுது மணி. காலை எடுத்தா சரியாய்டுது. ஒரு வருஷமா இதே ரோதனை. எவன் கிட்ட காட்னாலும் இன்னான்னே தெரியலன்றான்."

மில் முதலாளி என் கை மேலே படாமல் சாவியை உயரத்திலிருந்து போட்டார்.

உத்திரமேரூரில் வேறு மெக்கானிக்கே இல்லாதது போல என் ஷெட் வாசலில் வந்து நிற்கிறாரே, என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்கு வயிறு எரிந்தது.

போன வருஷம் இதே வெள்ளை அம்பாசடர் அவர் மில் வாசலில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே பெல்ட்டில் கை சிக்கி, என் தங்கை புருஷன் பொன்னன் ரத்தம் ஒழுகக் கிடந்தான். ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கொடுங்கள் என்று தங்கை செங்கேணி அவர் காலில் விழுந்தாள்.

"வண்டி திணறுதும்மா, பாதி வழியில நின்னுடும்" என்றார்.

மாட்டு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமலே பொன்னன் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அதே வண்டி குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தது. வழியில் எங்கும் நிற்கவில்லை.

அந்த ஆள் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி எனக்குச் செங்கேணி மேலும் இருந்தது. பால் தெளித்த மறுநாளே அவள் அவர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குச் சாணி அள்ளப் போய்விட்டாள். காரியத்தன்று தாலிக் கயிற்றை அறுத்துப் போடப் பெண்கள் பால் கிண்ணத்தோடு சுற்றி உட்கார்ந்தால், கழுத்தில் கயிறே இல்லை. "போட வேண்டிய இடத்துல போட்டுட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள். ஏரியில் எறிந்திருப்பாள் என்று எல்லாரும் ஏசினார்கள்.

சொரணை கெட்டவள் என்று அன்றைக்கு விட்டதுதான் அவளோடு பேச்சு.

சாவியை நான் வேலை செய்வதற்காக வாங்கவில்லை. பிரேக் பைப்பை லேசாகத் தளர்த்திவிட்டால் போதும். அவர் போனதும் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரைக்கூட வைத்துவிட்டேன். திருகுவதற்கு முன், ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட எழுந்து கதவைத் திறந்தபோது பின் சீட்டில் அவர் பேத்தியின் குட்டிச் செருப்பு ஒன்று கிடந்தது.

ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். பழி வாங்கக்கூட எனக்கு வக்கில்லை.

வேறு வழியில்லாமல் வேலையைத் தொடங்கினேன்.

பிளக்கைப் பார்த்தேன், பாயின்ட்டைப் பார்த்தேன். கார்பரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதினேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. நின்ற இடத்தில் இஞ்சின் ஒழுங்காக ஓடியது. ரோட்டில் கொண்டுபோய் மிதித்தால் மூச்சு முட்டியது போல் இழுத்து இழுத்து அடங்கியது.

மிதிக்கும்போது மட்டும் ஏதோ ஒன்று பெட்ரோலை மறிக்கிறது. காலை எடுத்தால் விலகிக்கொள்கிறது. அப்படியென்றால் அது டாங்குக்குள்தான் இருக்க வேண்டும்.

டாங்கைக் கழற்றிப் பெட்ரோலை வடித்தேன். வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் துழாவினேன். நார் மாதிரி ஏதோ மாட்டியது. இழுத்தேன்.

கயிறு. மஞ்சள் வெளுத்துப் போயிருந்தாலும் முறுக்கு விடவில்லை.

அதன் நடுவில் ஒரு செம்புக் கம்பிச் சுற்று இருந்தது. கல்யாணமான புதிதில், தாலி கழன்று கழன்று விழுகிறது என்று செங்கேணி என் முன்னால் வந்து நின்றாள். பழைய டைனமோவிலிருந்து கம்பி எடுத்து நான்தான் முறுக்கிக் கொடுத்தேன். என் கை முறுக்கு எனக்குத் தெரியாதா?

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் அவர் வண்டியை நிறுத்துவார்.

கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகு நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷம் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது.

கயிற்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டாங்கை மாட்டினேன். முதலாளி வந்தார். சாலவாக்கம் ரோட்டில் அவரே ஓட்டிப் பார்த்தார். மிதித்த மாத்திரத்தில் வண்டி பாய்ந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"இன்னாடா அடைச்சிக்கினு இருந்துச்சி?"

"குப்பைங்க."

ஷெட்டுக்குத் திரும்பியதும் அவர் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் பேசினார்.

"ஒன் தங்கச்சி நம்ம வூட்லதான் கீது. தங்கமான பொண்ணு. எதையும் மனசுல வச்சிக்கல பாரு."

"ஆமாங்க" என்றேன். "இருங்க, டாங்க் மூடி சரியா ஒக்காரல போல கீது."

வண்டிக்குப் பின்னால் போனேன். நான் பார்த்த வண்டி மறுபடியும் திணறினால் என் பேர் கெட்டுப்போகும், இந்தப் பக்கம் ஒருவன் வண்டி கொண்டுவர மாட்டான். தெரிந்தேதான் மூடியைத் திறந்தேன்.

சாயங்காலம் செங்கேணி வீட்டுக்குப் போனேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் வண்டி என் ஷெட்டில் நின்றது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"சரி பண்ணிட்டியாண்ணா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"உள்ள ஒண்ணு கெடந்துச்சி. எடுத்தேன்."

அவள் முகம் செத்துப்போனது.

"எடுத்து?"

"போட வேண்டிய இடத்துலயே போட்டுட்டேன்."

அவள் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.