பொத்தான் இல்லாத சட்டை

“ஊக்கு குத்திக் கொடுத்தாப் போதாதா, அவன் என்ன கல்யாணத்துக்கா—” “வேலைக்குப் போறாருண்ணா, காவலாளி வேலை, பத்து மணிக்கு வரச் சொல்லி—” என்று தேவாலயத்தின் பின்கூடத்தில் அண்ணனும் தங்கையும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறார்கள். ஏழைகளுக்கென்று வந்த துணி மேசையில் குவிந்து கிடக்கிறது. கொடுத்த புண்ணியவான்கள் சட்டைகளைத் துவைத்து, மடித்து, பொத்தான்களை மட்டும் வெட்டித் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். தையல் டப்பாவைக் கவிழ்த்தாலும் ஊசி, நூல், ஊக்குகள்தான் விழுகின்றன. கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரமாகும். வாசலோரம் வேலைக்குப் போகவேண்டிய அந்த மனிதர், குவியலில் எடுத்துப் போட்ட நீலச் சட்டையின் இரு பக்கத்தையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்தபடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்க்கிறார். ஒன்பதே கால். “ஆண்டவர் மனசைத்தாம்மா பார்க்கிறார்,” என்கிறார் சபை மூப்பரான அண்ணன். “ஆண்டவர் பார்ப்பாரு. வேலை கொடுக்கிறவரு சட்டையைத்தானே பார்ப்பாரு?” அவள் ஊசியில் நூலைக் கோத்து, பல்லால் கடித்து, முடிச்சுப் போடுகிறாள். ஜன்னல் வெயில் அண்ணனின் வெள்ளைச் சட்டைமேல் விழுகிறது. ஆறு பொத்தான்களும் வரிசையாக மினுங்குகின்றன. அவள் கத்தரிக்கோலை எடுக்கிறாள்.

“அண்ணா, சட்டையைக் கொஞ்சம் கழட்டுங்க.”