சோளகக் கதவு

எதிர்ப்பக்கத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டு பாயிஸ் நானா எடித்தின் சின்ன மருந்துக்கடை வாசலை மேலும் கீழும் பார்ப்பதை அவள் கண்டுவிட்டாள். மன்னார் நகரத்தின் பெரிய மருந்துக்கடைக்காரருக்கு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பள்ளிமுனை ஒழுங்கையில் என்ன வேலை?

"இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ! கடை பூட்ட முதலே விலை பேச வந்திட்டார்."

பூசை முடிந்து வந்து சாய்மனைக் கதிரையில் கிடந்த அவள் கணவர் அம்புறோஸ் கண்ணைத் திறக்கவில்லை. "சும்மா இரு எடித். ஏதும் அலுவலா வந்திருப்பார்," என்றார்.

எடித்துக்குச் சந்தேகம் வந்துவிட்டால் இலேசில் போகாது. இந்த முறை அதில் நியாயமும் இருந்தது. தனியார் மருந்துக்கடைகளைத் திருத்துகிறோம் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக் கமிட்டியின் யோசனைப்படி புது விதி ஒன்று வந்திருந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் மருந்துகளில் மண் படாதபடி, கடை வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பலகைக் கதவுகள் இருக்க வேண்டுமாம். இல்லாத கடைகளுக்கு நாளைக்குச் சீல்.

இளமை முழுவதையும் மற்றவர்களின் கடைகளில் மருந்து எடுத்துக் கொடுத்தே கழித்தவள் எடித். போன வருடம்தான் வீட்டு முன்னறையில் தன் பெயர்ப் பலகையை மாட்டினாள். நாளைக்கு அதையும் கழற்ற வேண்டி வரும்.

"கொழும்பில இருக்கிறவனுக்குச் சோளகம் தெரியுமே? இது உள்ளூர் ஆள் ஆரோ சொல்லிக் குடுத்த விதி," என்றாள். "அந்தாளின்ர கடைக்கு ஏசி போட்ட நாளில இருந்தே ரெண்டு கதவு. சின்னக் கடையெல்லாம் பூட்டினா சனம் எங்க போகும்? சட்டம் போடுறது அரசாங்கமாம். போடச் சொல்லுறது பெரிய கடைக்காரன்!"

"ஓம், ஓம்," என்றார் அம்புறோஸ்.

"நீங்கள்தானே கமிட்டியில பொதுமக்கள் சார்பில இருக்கிறியள். கதவு விசயம் வந்தண்டைக்கு ஆர் கனக்கக் கதைச்சது? உள்ளதைச் சொல்லுங்கோ."

அம்புறோஸ் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். "பாயிஸ்தான் கனக்கக் கதைச்சது."

"பாத்தியளே!"

இத்தனைக்கும் வீட்டிலேயே ஒரு தச்சன் இருந்தார். ஆனால் எடித்தின் கதவுகள் அம்புறோஸின் பட்டறையில் அரைகுறையாகக் கிடந்தன. "ஊராற்ற கதவுகளை முடிச்சுக் குடுக்காமல் வீட்டுக் கதவைச் செய்தா மரியாதை இல்லை," என்று ஒவ்வொரு நாளும் அவளுக்கு நியாயம் சொன்னார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கர்த்தருடைய நாளில் அவர் உளியைத் தொடவே மாட்டார்.

அதற்குள் பாயிஸ் நானா ஒழுங்கையைக் கடந்து வந்துவிட்டார். வந்தவர் மடியிலிருந்து அளவு நாடாவை எடுத்து, வாசலை அளக்கத் தொடங்கினார். எடித்துக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"ஏன் அளக்கிறியள் நானா? உங்கட சாமான் வைக்க இந்த அறை காணுமோ எண்டு பாக்கிறியளோ?"

"கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி," என்றவர், திரும்பிக் கையைக் காட்டினார். ஒழுங்கை முனையில் நின்ற லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டியோடு கடகடவென்று உள்ளே வந்தது. அதிலிருந்து இரண்டு வேலையாட்கள் பெரிய பலகைக் கதவுகள் இரண்டை இறக்கி, மதிலோடு சாய்த்தார்கள்.

"என்ர களஞ்சியத்துக்கு எண்டு வாங்கின சோடி. உங்கட வாசலுக்கு அச்சாவாப் பொருந்தும்," என்றார் பாயிஸ் நானா. "எங்கட ஆக்களுக்கு இண்டைக்கு வேலை நாள்தானே. பின்னேரத்துக்குள்ள போட்டுத் தருவினம்."

"எடித், கதவை வாங்கி வை. வந்த மனுசனோட கதை வளர்க்காத," என்று உள்ளேயிருந்து அவசரமாகக் குரல் கொடுத்தார் அம்புறோஸ்.

எடித் கேட்பாளா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"விதியைக் கேட்டு வாங்கிறதும் நீங்கள், பிறகு பாவம் பாத்துக் கதவு தாறதும் நீங்களோ? எங்களுக்கு உந்தப் பிச்சை வேண்டாம். ஏத்திக்கொண்டு போங்கோ!"

பாயிஸ் நானாவின் முகம் சுண்டிப்போனது.

"நானோ? ராவில பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா, பள்ளிமுனைச் சனம் என்ர கடை வரைக்கும் ஓடி வரவோ எண்டு கேட்டுக் கேட்டே என்ர தொண்டை கட்டிப்போச்சு. முழுக் கமிட்டியிலயும் இந்த விதி வேண்டாம் எண்டு சொன்னது நான் ஒராள்தான்."

எடித் இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். "அப்ப வேணும் எண்டு கேட்டது ஆர்?"

பாயிஸ் நானா அவளை ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"பலகைக் கதவுதான் வேணுமெண்டு மேசையில அடிச்சுக் கேட்டவர் உங்கட அம்புறோஸ்தானே, தங்கச்சி!"