மரிவிக்கின் எதிர்ப்பு மனு

"முதல்ல கையெழுத்து, அப்புறம்தான் முட்டை!"

கடையின் கம்பி வலைக்குள்ளிருந்து மரிவிக் ஒரு தாளை நீட்டினாள். வெளியே நின்ற பக்கத்து வீட்டு லோர்னா சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

"எதுக்குக்கா இது?"

"எதுக்கா? 'ஏழாம் தெரு இசைக்குழு' தொடர்ல புதுசா ஒரு பாட்டுக்காரி வர்றாளாம். அதுவும் ஜாரெட்டுக்கும் மிக்காவுக்கும் நடுவுல!"

லோர்னாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நடுவுலயா? எவ அவ?"

"யாருன்னு வெள்ளிக்கிழமை காட்டுவாங்களாம். அதுக்குள்ள நம்ம எதிர்ப்பு மனு டிவி ஆபீசுக்குப் போயாகணும். போடு கையெழுத்தை."

மலபோன் நகரில் ஜாரெட், மிக்கா ஜோடிக்கு ரசிகர் இல்லாத தெரு கிடையாது. அத்தனை பேருக்கும் தலைவி மரிவிக். அந்த ஜோடி தொடரில் சேர்ந்து பாடினால் ஆனந்தக் கண்ணீர் விடுவாள். கோபித்துக்கொண்டு தனித்தனியே பாடினால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. மிக்காவின் பிறந்தநாளுக்குத் தெருவுக்கே நூடுல்ஸ் கிண்டிப் போட்ட மகராசி.

கடைக்குள்ளே ஷாம்பூ பாக்கெட் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த மகள் ரியலின் ஒரு சரத்தைக் கீழே நழுவவிட்டாள். அந்தப் பாட்டுக்காரி அவள்தான்.

பத்தொன்பது வயது. கல்யாண வீடுகளிலும் கடைத் திறப்பு விழாக்களிலும் தொண்டை வறளப் பாடியவள். குரல் தேர்வுக்கு ஆறு முறை போய்த் தோற்று, ஏழாவது முறை கிடைத்த வாய்ப்பு இது. அறிவிப்பு வரும்வரை பெற்றவர்களிடம்கூட மூச்சு விடக் கூடாது என்பது நிபந்தனை. ஒப்பந்தத்தை வாங்கி வந்து தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தாளே தவிர, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இன்று மாலை நான்கு மணிதான் கெடு. கடிகாரம் மூன்றேகால் காட்டியது.

"பாவி! அவ தொண்டையில மீன் முள்ளு சிக்க!" என்று சபித்தபடியே லோர்னா கையெழுத்துப் போட்டாள்.

"ஏய், சாபமெல்லாம் விடாத. கண்ணியமா எதிர்க்கணும். அவளும் ஒருத்தி பெத்த பொண்ணுதானே?"

"அதுக்குள்ள இவ்வளவு கையெழுத்து எப்படிக்கா சேர்த்த? டிவியிலயே போன வாரம்தானே சொன்னாங்க?"

"பின்ன, தலைவின்னா சும்மாவா?" என்று முட்டைகளை எடுத்துக் கொடுத்தாள் மரிவிக். லோர்னா போனதும் மகள் பக்கம் திரும்பினாள்.

"ரியா, நீ ஒருத்திதான் பாக்கி. தலைவி மகளே போடலைன்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"அம்மா, அந்தப் பொண்ணு அப்படி என்ன தப்பு பண்ணிட்டா?"

"ஜோடிக்கு நடுவுல வர்றா."

"கதை எழுதினவங்க வரச் சொல்றாங்க, வர்றா. அவளுக்கு வேண்டியது பாட்டுதானே?"

"பாட்டுதான் வேணும்னா ஓரமா நின்னு பாடட்டும். நடுவுல என்ன வேலை?"

ரியலினின் செல்பேசி மினுங்கியது. தயாரிப்பு அலுவலகத்திலிருந்து செய்தி: 'காத்திருக்கிறோம்.' அவள், 'மன்னிக்கவும், என்னால் வர முடியாது' என்று தட்டிவிட்டு, அனுப்ப மனமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கக் கரித்துக் கொட்டினாலும் தாங்கிக்கொள்வாள். அம்மாவே முன்னால் நின்று கொட்டுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னடி அப்படியே நிக்கிற? இந்தா பேனா."

நிபந்தனையாவது ஒன்றாவது. "அம்மா, அது நான்தாம்மா!" என்று வெடித்துவிட்டாள் ரியலின். "அந்தப் பாட்டுக்காரி நான்தான். போதுமா? பயப்படாத, நான் போகல. வரலைன்னு இப்பவே சொல்லிடறேன். உன் ஜோடி நல்லா இருக்கட்டும்."

கண்ணீரோடு செல்பேசியில் அனுப்பும் பொத்தானைத் தேடினாள். மரிவிக் எட்டித் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கடையின் மரக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மெதுவாப் பேசுடி. லோர்னா காதுல விழுந்தா எல்லாம் கெட்டுது. எனக்கு ரெண்டு வாரமா தெரியும்."

"எப்படி?"

"இந்த வீட்டுல தலையணை உறையெல்லாம் யாரு துவைக்கிறாங்கன்னு நினைச்ச?"

"நான்தான்னு தெரிஞ்சுமா எனக்கு எதிரா மனு எழுதின?"

"தெரிஞ்சதாலதான் எழுதினேன்" என்றாள் மரிவிக், தன் தோள் துண்டால் மகளின் முகத்தைத் துடைத்தபடி. "பதினெட்டு வருஷமா தொடர் பாக்குறேன். ஜோடிக்கு நடுவுல சத்தமில்லாம வந்த பொண்ணுங்களை எல்லாம் பத்தாவது வாரமே கதையில அமெரிக்காவுக்கு விமானம் ஏத்திவிட்டுட்டாங்க. ஊரே திரண்டு வேண்டாம்னு கத்தின ரெண்டு பேரு மட்டும்தான் மூணு வருஷம் நின்னு பாடினாளுங்க."

அவள் மகளின் கையில் பேனாவைத் திணித்தாள். "முதல்ல ஒப்பந்தத்துல போடு. அப்புறம் இதுலயும் போட்டுடு, ஆயிரத்துக்கு ஒண்ணுதான் குறையுது."