கண்ணாடிப் பெட்டியில் ஒரு பொட்டு

கணவருக்காக வளரும் சிறுநீரகத்தைப் பார்க்க, வெள்ளிதோறும் கோவை உறுப்பு வளர்ப்பகத்துக்கு வந்துவிடுவார் பூங்கோதை அக்கா. இன்று அதன் கண்ணாடிப் பெட்டியில் கண்மையால் ஒரு பொட்டும் வைத்துவிட்டார். பெட்டிகளைப் பராமரிக்கும் தமயந்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“என்னங்கக்கா இது? லேப்ல போயி?”

“போன வாரத்துக்கு நல்லாப் பூசினாப்பல இருக்குது அம்மிணி. வர்றவங்க போறவங்க கண்ணு பட்டுராதா?”

“கண்ணு பட்டெல்லாம் கிட்னி வாடாதுங்க” என்று தமயந்தி பஞ்சை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

அதற்குள் அக்கா கடைசிப் பெட்டிக்கு நகர்ந்திருந்தார். “அடேங்கப்பா, இந்தக் கல்லீரலு எப்படித் தளதளன்னு இருக்குது பாரு.”

தமயந்தியின் கை நின்றது. அது அவளுடைய அம்மாவுக்காக வளர்வது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“அந்த மை டப்பாவை இப்படிக் குடுங்கக்கா.”